கல்யாணம் இல்லாத சுருள்

என் படத்துக்குப் பணம் போட மறுத்தவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது. மறுக்காத ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவரை எனக்கு இன்றும் பிடிக்காது.

நெய்யாற்றின்கரையில் அவருக்கு வீடு. காட்டாக்கடைக்கு அப்பால் பாறை உடைக்கும் கிரஷர் வைத்திருந்தார். சினிமாவில் பணம் போட்டவன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசை இருந்தது. போடுவதற்கு ஆசை இல்லை. நான் கொடுத்த திரைக்கதையை மேசையில் வைத்து, அதன்மேல் காபி டம்ளரை வைத்திருந்தார். பேச்சை அங்கிருந்து தொடங்கினார்.

"படம் தமிழாணோ மலையாளமாணோ?"

"எங்க ஊர்ல பேசுதது போல. ரெண்டும் உண்டு."

"ரெண்டும் எண்ணு பறஞ்ஞா ரெண்டும் அல்ல, குட்டி."

இதைச் சொன்ன முதல் ஆள் அவரல்ல. கொச்சியில் ஒரு தயாரிப்பாளர், இது தமிழ்ப் படம், சென்னைக்குக் கொண்டு போங்கள் என்றார். சென்னையில் ஒருவர் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, நல்ல மலையாளப் படம், கொச்சியில் உடனே எடுப்பார்கள் என்று கைகொடுத்து அனுப்பினார். கேரள எல்லையோரத்துப் பாறசாலைக்காரிக்கு இது பழகிய சங்கதிதான். பள்ளிக்கூடத்தில் என்னைப் பாண்டி என்றார்கள். களியக்காவிளை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கல்லூரிக்குப் போனேன். அங்கே மலையாளத்தாள் என்றார்கள். இரண்டு பக்கமும் சிரித்தவர்களை நான் மதிப்பெண்ணில் தாண்டினேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாம் வகுப்பின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அப்பா கொத்தவேலை செய்கிறவர். அம்மா முந்திரி ஆலையில் கொட்டையின் தோடு உடைத்தவள். முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள் இப்போதும் வெளுக்கவில்லை.

படமும் அந்த ஆலையைப் பற்றித்தான். ஒருத்தி ஒரு நாள் வேலைக்கு நடுவில் எழுந்து ஆலையை விட்டு வெளியே போகிறாள். ஏன் போனாள், எங்கே போனாள் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. கிரஷர்காரருக்கு அது கதையாகவே தோன்றவில்லை. ஆனால் குறைந்த செலவில் முடியும் என்பது மட்டும் புரிந்தது.

"இருபத்தஞ்சு லட்சம் ஞான் இடாம். பத்து உன்றெ பக்கத்தில நிண்ணு முதல்ல வங்கியில வீழட்டும். பெண்ணு பாதிக்கு கல்யாணம் கழிச்சு போயா, என்றெ காசு ஆரு தரும்?"

ஆணாக இருந்தால் இந்தக் கேள்வி வருமா என்று கேட்டேன். அவர் டம்ளரை எடுத்துக் காபியைக் குடித்து முடித்து, மறுபடியும் திரைக்கதையின் மேலேயே வைத்தார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் தொடங்குவதற்கு முன் பத்து லட்சம் வந்தால் படம், இல்லாவிட்டால் இல்லை என்றார்.

என்னிடம் ஐந்து இருந்தது. ஆறு வருடம் உதவி இயக்குநராக ஓடியதில் மிஞ்சியது, கழுத்துச் சங்கிலியை வைத்து வாங்கியது, எல்லாம் சேர்த்து. வீட்டு ஆதாரப் பத்திரம் என் படிப்புக் கடனுக்காக ஏற்கெனவே கூட்டுறவு வங்கியில் கிடந்தது. மீதி ஐந்துக்கு வழியில்லை. வழியில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே வாரம் அம்மா ஒரு கல்யாண வீட்டுக்குச் சுருள் வைக்கப் போனாள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பந்தலில் ஒரு மேசை போடுவார்கள். உற்றார் உறவினர் வந்து சாப்பிட்டு, அந்த மேசையில் பணம் வைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் சுருள். யார், எவ்வளவு என்று மைக்கில் சொல்வார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டில் கல்யாணம் வந்தால் வாங்கியவர் அதைத் திருப்பி வைக்க வேண்டும். வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். அந்தக் கூடுதலால்தான் இரண்டு வீட்டுக்கும் இடையில் போக்குவரத்து தொடர்கிறது. எப்போதும் ஒரு வீடு மற்ற வீட்டுக்கு ஏதாவது தர வேண்டியிருக்கும்.

அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வைக்கிறாள். ஆலையில் கூலி வராத வாரத்திலும் வைத்திருக்கிறாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு கல்யாணம்தான் நடக்க முடியும், அது என்னுடையது. "உனக்க மகளுக்கு எப்பம்?" என்று பெண்கள் கேட்கும்போதெல்லாம் "வருது, வருது" என்று சொல்லிச் சொல்லி வைத்துவிட்டு வந்தாள். எனக்கு வயது முப்பத்தொன்று. கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லிப் பல வருடம் ஆகிறது. அப்படியானால் அத்தனை வருடத்துப் பணமும் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சும்மா கிடக்கிறது. வட்டியும் இல்லை, முதலும் இல்லை.

அம்மா மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "பந்தல் போடுவோம். சோறு போடுவோம். படம் தொடங்குதேன்னு எல்லாரையும் அழைப்போம். சுருள் வைக்கட்டு."

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டு அவரும் நிறுத்தினார்.

"கல்யாணம் இல்லாம எப்பிடி பிள்ளே சுருள்?"

"கல்யாணம் உண்டுண்ணா வைப்பாவ இல்லியா? அதே பைசாதான். நான் எதுக்குச் செலவாக்குனா அவியளுக்கு என்ன?"

"ஊர்ல ஒரு முறை உண்டு."

"அந்த முறையில அம்மை வச்சா. அவிய திருப்பி வைக்கணும். அதுவும் முறைதான்."

அம்மா சட்டியில் தண்ணீரை மாற்றினாள். மறுபடி மாற்றினாள். பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்க பைசாயாக்கும். வாங்குனவிய ஒருத்தியும் எனக்கிட்ட ஏன்னு கேக்கக் கூடாது."

அவள் என் படத்துக்காக அதைச் சொல்லவில்லை. வருடக்கணக்காக அவள்மேல் இரக்கப்பட்டவர்களுக்காகச் சொன்னாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

அம்மா ஒவ்வொரு வீடாக நினைவுபடுத்திச் சொல்ல, மொத்தம் நாலரை லட்சத்தை ஒட்டி வந்தது. அதன்மேல் எல்லோரும் வழக்கம் போல் கூட்டி வைப்பார்கள் என்று போட்டால், சாப்பாட்டுச் செலவு போக ஐந்தைத் தாண்டும். பட்ஜெட் போடத் தெரிந்தவள் நான். மேலே வரும் பணத்தையும் வரவில் சேர்த்துக்கொண்டேன்.

அழைப்புக்கு நேரில் போக வேண்டும். போனில் சொன்னால் மதிக்க மாட்டார்கள். அம்மாவும் நானும் முதலில் போனது அவளுடைய அண்ணன் வீட்டுக்கு. செங்கல் ஊருக்குப் போகும் வழியில் மரக்கடை வைத்திருக்கிற மாமா. சபைக் கமிட்டியில் இருக்கிறார். ஊரில் இரண்டு பேர் சண்டை போட்டால் மூன்றாவதாகப் போய் நிற்பது அவர்தான். வாசல் பக்கத்துச் சிட்டவுட்டில் நாற்காலியில் இருந்தார். அம்மா நின்றபடியே சொன்னாள்: "பிள்ளைக்க ஒரு காரியம் உண்டு அண்ணா. வந்து நடத்தித் தரணும்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமி அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். "மாப்பிள்ள எந்த ஊரு?"

"மாப்பிள்ள இல்ல மாமி. படம்."

"படமா?"

"நான் எடுக்கப் போற படம். அதுக்குத் தொடக்கம்."

மாமாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பணக் காரியங்கள் அவருக்கு உடனே விளங்கும். "ஓ. சுருளுக்காக்கும். அப்பம் மாப்பிள்ள ஆரு, கேமராவா?"

"ஆமா மாமா. நாள் வாடகைக்குத்தான் வருவான். வீட்டோட மாப்பிள்ளயா வைக்க நமக்கு வசதி இல்ல."

மாமி சிரிப்பு வந்து உள்ளே போய்விட்டாள். மாமா சிரிக்கவில்லை.

"நாக்கு நல்ல நீளம் உண்டு. படிக்க வச்சதுக்கு அதாவது கிடைச்சுது." அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "எட்டி, சுருள் கேட்டு வாறதுக்கு உனக்கு நாணம் இல்லியா?"

"வச்சது நானாக்கும். திருப்பி வாங்குததுக்கு என்ன நாணம்?"

அம்மா அவரிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். கொஞ்ச நேரம் முற்றத்தில் அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"வைக்கலாம். ஆனா இது உனக்க கல்யாணச் சுருளாக்கும். இதோட கணக்கு தீர்ந்து. நாளைக்கு ஒருத்தன கெட்டப் போறேன்னு சொல்லி நீயோ உனக்க அப்பனோ ஒரு வீட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாது. ஒருத்தரும் வரமாட்டாவ."

"நிக்க மாட்டேன் மாமா."

"எழுதித் தரவா சொல்ல முடியும். எல்லாரும் கேக்கட்டு, நான் சொல்லிக்கிடுதேன்."

திரும்பி நடக்கும்போது அம்மா கேட்டாள்: "நீ ஏன் அப்பிடி சொன்னே?"

"உள்ளதத்தானே சொன்னேன். எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

"உனக்கு வேண்டாம். செரி." என்று சொல்லி அடுத்த வீட்டு வழியில் திரும்பினாள்.

மாமா சொன்னபடியே செய்தார். நாங்கள் அடுத்த வீடுகளுக்குப் போய்ச் சேருவதற்குள் அவருடைய தீர்ப்பு போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு வீட்டில் நாற்காலி எடுத்துப் போடவில்லை. இன்னொரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், கொடுத்தவளின் மாமியார், "சினிமாண்ணா அதுல நீயும் ஆடுவியா மக்கா?" என்று கேட்டாள். "நான் ஆட்டி வைக்குத ஆளு" என்றேன். அப்பாவின் தங்கை வாசலிலேயே நிறுத்தி, பெண்பிள்ளை சினிமாவுக்குப் போவதற்கு ஊரைக் கூட்டிச் சோறு போடுவது எந்த வேதத்தில் உண்டு என்று கேட்டாள். அவளுடைய மகன் நர்ஸிங் முடித்து வெளிநாடு போவதற்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் முதல் எல்லாம் நிரப்பிக் கொடுத்தது நான். அது எந்த வேதத்தில் உண்டு என்று நான் கேட்டேன். அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை.

ஒரு சனிக்கிழமை வைத்தோம். முற்றத்தில் பந்தல் போட்டோம். சோறு, கோழிக்கறி, மரச்சீனி, கடைசியில் போளியும் பாயாசமும். ஜெபம் பண்ண வருவதாகச் சொன்ன போதகருக்கு அன்று காலை வேறு இடத்தில் கூட்டம் வந்துவிட்டது. அப்பா தாமே ஒரு ஜெபம் சொன்னார். நடுவில் "மணமக்களை" என்று வாய் தவறி, நிறுத்தி, ஆமென் சொல்லி முடித்துவிட்டார். கல்யாண வீட்டில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் தொங்கும் இடத்தில் என் படத்தின் பெயரை எழுதித் தொங்கவிட்டிருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் நின்று அதைப் படித்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

ஆனால் வந்தார்கள். ஒரு வீடு தவறவில்லை. கூட்டம் கூடியதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாப்பிட்டார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள். பிறகு மேசைக்கு வந்தார்கள். மேசைக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மைக் செட்டுக்காரர்.

முதலில் வந்த வீட்டுக்கு அம்மா ஐயாயிரத்து ஒன்று வைத்திருந்தாள். மைக்கில் ஐயாயிரத்து ஒன்று என்று கேட்டது. அடுத்த வீட்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று ஒன்று வைத்திருந்தாள். அவர்களும் அதையே வைத்தார்கள். அதற்கடுத்த வீட்டின் தொகை மைக்கில் கேட்டதும், பந்தியில் பாயாசம் விளம்பிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை வாளியிலேயே விட்டுவிட்டு நின்றாள்.

எனக்கு அதன்பிறகுதான் விளங்கியது. யாரும் மேலே வைக்கவில்லை. வாங்கியதை அப்படியே, ரூபாய் குறையாமல், ரூபாய் கூடாமல் வைத்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இனி உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. என் வீட்டுக் கல்யாணத்துக்கு உன்னை அழைக்க மாட்டேன், நீயும் அழைக்க வேண்டாம். பெரிய சண்டை போட்டுப் பிரிகிற குடும்பங்கள் செய்கிற காரியம் இது. வருடத்தில் ஒன்று நடந்தாலே ஊர் பேசும். எங்கள் முற்றத்தில் ஒரே சாயங்காலத்தில் வரிசையில் நின்று செய்தார்கள், கையில் போளியோடு.

அம்மாவும் இதை எதிர்பார்க்கவில்லை. எனக்கு வேண்டுமானால் செய்வார்கள், அவளுக்குச் செய்ய மாட்டார்கள் என்று நம்பியிருந்தாள். அவளோடு ஆலையில் அடுத்தடுத்து உட்கார்ந்து தோடு உடைத்த ஒருத்தி, பணத்தை வைத்துவிட்டு வந்து அவளிடமே கேட்டாள்: "எல்லாம் செரியாச்சு இல்லியா பிள்ளே? இனி எனக்க பேர்ல வல்லதும் பாக்கி உண்டா?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் அம்மா. "பாயாசம் குடிச்சியா?"

நான் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்துத்தான் பணத்தை வைக்க வேண்டும் என்று நின்றேன். சிலர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கூட்டம் குறையத் தொடங்கியபோது மேசையில் இருந்தது, சாப்பாட்டுச் செலவு போக, மூன்றரை லட்சம். இன்னும் ஒன்றரை வேண்டும். வராமல் இருந்தது மாமா மட்டும். அவர் வீட்டு இரண்டு ஆண்பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் சேர்த்து அம்மா வைத்திருந்தது ஐம்பதாயிரம். அவரும் அதைத் திருப்பி வைத்தால் நாலு. நாலு லட்சத்துக்குக் கிரஷர்காரர் டம்ளரைக்கூட நகர்த்த மாட்டார். படம் அங்கேயே முடிந்தது. உறவு போனது போனதுதான், படமும் போனது. அப்படி எண்ணிக்கொண்டுதான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

மாமா கடைசியாக வந்தார். மாமியை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். சாப்பிட உட்காரவில்லை. நேரே மேசைக்கு வந்து மைக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"கல்யாணப் பெண்ணுக்க தாய்மாமன் சுருள்," என்றார். சிரிப்பு எழுந்தது. அது அடங்கும் வரை காத்திருந்தார். "ஒண்ணரை லட்சத்து ஒண்ணு. மாப்பிள்ள வந்தாச்சுண்ணா அவனையும் விளிச்சுச் சொல்லணும்."

சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா பணக்கட்டைக் கையில் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே அம்மாவிடம் சொன்னார்: "எனக்க இளையவளுக்கு ஈஸ்டர் களிஞ்ச பின்ன கெட்டு. நீ வரணும். கைய வீசிட்டு வரக்கூடாது, கேட்டியா."

ஊரெல்லாம் எங்களை அறுத்துவிடச் சொன்ன மனிதர் அவர். அறுப்பதற்கு வழி சொல்லிக்கொடுத்தவரே அறுக்காமல், ஒரு லட்சம் கூட்டி வைத்துக் கட்டிப்போடுகிறார். அது பாசம் என்று இன்றைக்கும் அம்மா சொல்வாள். மரம் வாங்குகிறவர் முன்பணம் கொடுத்து அடையாளம் போடுவதைப் போலத்தான் எனக்குத் தோன்றியது.

"மாமா, அம்மை வச்சது அம்பதினாயிரம். அதை எடுத்திட்டு மீதிய நீங்க கொண்டு போங்க."

"வேண்டாமா?" அவர் கட்டின்மேல் கையை வைத்தார். "வேண்டாம்னா முழுசும் கொண்டு போறேன்."

பந்தலில் இருந்தவர்கள் எழுந்து கிட்டே வந்தார்கள். அவருடைய கைக்கு அடியில் இருந்தது என் படம். அவருக்கும் அது தெரிந்திருந்தது. கிரஷர்காரரின் லாரிகள் அவருடைய கடைக்கு முன்னால்தான் போகின்றன, எனக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று யாரிடமாவது கேட்டிருப்பார். நான் பதில் சொல்வதற்கு முன் அம்மா சொன்னாள்: "இருக்கட்டு அண்ணா. சோறு தின்னிட்டுப் போ."

அவள் சொல்லாவிட்டால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று எழுத ஆசைதான். கொடுத்திருக்க மாட்டேன்.

பத்து லட்சம் வங்கியில் விழுந்தது. கிரஷர்காரர் தம்முடைய இருபத்தைந்தை ஒரே தடவையில் தரவில்லை. பத்து தந்தார், பிறகு தன் மருமகனைப் போட்டோ எடுக்க வைத்துக்கொண்டால் மேலும் தருவதாகச் சொன்னார். வைத்துக்கொண்டேன். மருமகன் மத்தியானத்துக்கு மேல்தான் வருவான். வந்ததும் சாப்பாடு எங்கே என்பான். ஈஸ்டருக்கு அடுத்த நாள் படப்பிடிப்பைத் தொடங்கினோம். மழைக்காலம் வருவதற்குள் முடிக்க வேண்டும். நடிக்கிற பெண்ணுக்கும் ஒளிப்பதிவாளருக்கும் அதற்குமேல் நாள் இல்லை.

இளையவளின் கல்யாணம் படப்பிடிப்புக்கு நடுவில் வந்தது. கையில் இருந்த பணத்தில் மிச்சமிருந்த நாட்களின் சாப்பாடு, லைட் வாடகை, வண்டி, அதற்குமேல் ஒரு மழை. கதையில் அவள் ஆலையை விட்டு வெளியே வரும்போது மழை பெய்ய வேண்டும். திரைக்கதையில் நான் முதலில் எழுதியதே அந்த மழையைத்தான். தண்ணீர் லாரிகளும் பம்பும் குழாய்களும் காட்டாக்கடையிலிருந்து வர ஏற்பாடு செய்து முடித்திருந்தேன். அதற்கு ஒதுக்கிய பணமும் மாமாவுக்குத் திருப்பி வைக்க வேண்டிய பணமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அம்மாவிடம் சொன்னேன்: "படம் வித்த பின்ன வைப்போம். மாமாவுக்கு வட்டியும் சேத்துக் குடுக்குதேன்."

"பின்ன குடுத்தா அது கடன். சுருள் இல்ல."

"அப்பம் வாங்குன ஒரு லட்சத்த மட்டும் வைப்போம். மேல ஒண்ணும் வேண்டாம். அவருக்கும் நமக்கும் தீந்து போகட்டு."

நான் நினைத்துச் சொன்னதுதான் அது. அந்த மனிதரிடமிருந்து விடுபட வேண்டும் என்றிருந்தது. ஊரில் மற்றவர்கள் எனக்குச் செய்ததை அவருக்கு நான் செய்ய வேண்டும், அவர் வாயால் மைக்கில் அதைச் சொல்ல வேண்டும்.

அம்மா ஆலையில் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டிலும் குரல் உயர்த்தமாட்டாள். அன்றும் உயர்த்தவில்லை. "எல்லா வீட்டையும் உனக்குத் தந்தாச்சு," என்றாள். "ஞாயிற்றுக்கிழமை கோயில்ல எனக்க பக்கத்துல இருக்க ஆளு இல்ல. ஒரு வீட்டுல கெட்டுண்ணா எனக்குத் தெரியாது, பட்டாசு கேட்டாத்தான் தெரியும். அண்ணன் வீடு ஒண்ணு எனக்கு வேணும். மேல வச்சுத்தான் வைக்கணும்."

அது என் படத்தின் பணம் என்றேன். எது யாருடைய பணம் என்று நாங்கள் இரண்டு பேரும் அதற்குமேல் பேசவில்லை.

மறுநாள் காலையில் தண்ணீர் லாரிக்காரரைக் கூப்பிட்டு வேண்டாம் என்றேன். ஒளிப்பதிவாளர் மத்தியானம் என்னிடம் வந்து, "மழை இல்லாம அந்த சீன் என்ன சீன் மேடம்?" என்றார். "இனி வெயில்" என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், சுருள் நேரத்துக்கு, படப்பிடிப்பு முடிந்த உடையோடே போனேன். ஜீன்ஸ் முட்டிவரை செம்மண். அம்மா பட்டுச்சேலை கட்டி எனக்கு முன்னால் நடந்தாள். வாசலில் நின்ற பெண்கள் அம்மாவைப் பார்த்து விலகி வழிவிட்டார்கள், பேசவில்லை. மேசையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து ஒன்றை வைத்தேன். மாமா தாமே எண்ணினார். எண்ணி முடித்து அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மைக்கில் அப்பாவின் பெயரைத்தான் சொன்னார்கள். படம் எடுக்கிறவள் பெயர் எங்கும் வரவில்லை. சுருளில் அது வழக்கமில்லை.

நான் வண்டி எடுத்தபோது அம்மாவைக் காணவில்லை. பின்கட்டில் தேடினேன். நாளைய சமையலுக்குப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில், பட்டுச்சேலையை முழங்காலுக்கு ஒதுக்கிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அடுத்து இருந்தவள் அவளிடம் ஏதோ கேட்டாள், அம்மா குனிந்தபடியே பதில் சொன்னாள்.

"வாறியா அம்மை?"

"நீ போ. கெட்டு களிஞ்சு வாறேன். இங்க வேல கிடக்கு."

மறுநாள் பத்து மணிக்கு ஆலை வாசலில் கேமராவை வைத்தோம். மேகமே இல்லை, கண் கூசும் வெயில். நடிக்கிற பெண் வந்து, மழை இருந்தால் தலையைக் குனிந்து ஓடியிருப்பேன், இப்போது எப்படி நடக்க என்று கேட்டாள்.

"தலைய நிமித்தி நேரா நட," என்றேன். "ஆரையும் பாக்காண்டாம்."